ஆச்சி பதில்கள்: அப்பத்தாவுக்குப் பிடித்ததைச் சமைக்கும்போது

இந்த முறை வந்த கேள்விகளில் வீட்டுப் பெரியவர்களுக்குச் சமைப்பது பற்றித்தான் நிறைய. வடகம், ஊறுகாய் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அவை எங்கும் போய்விடாது.

கேள்வி: ஆச்சி, எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயது, கோட்டையூரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறார்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பொங்கல் லீவுக்கு வரும்போது அவர்களுக்குப் பிடித்த வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், கோழிக்குழம்பும், கவுணி என்கிற கருப்பரிசி இனிப்பும் என் கையால் செய்து கொடுக்க ஆசை. பல்செட் வைத்திருக்கிறார்கள், சுகர் இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பெரியம்மா "இதெல்லாம் எதுக்கு, ஓட்ஸ் கஞ்சி போதும்" என்கிறார். அளவு கேட்டால் அப்பத்தா "எல்லாம் கண்ணளவுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். என்ன செய்யட்டும்?
கோட்டையூர் பேத்தி

பதில்: தாராளமாகச் செய், தாயி. ஓட்ஸ் கஞ்சியில் வயிறு நிறையும், ஆசை தீராது. ஆனால் பெரியம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் ராத்திரி எழுந்து பார்ப்பதும் அவர்தான், நீ நாலு நாள் இருந்துவிட்டு பஸ் ஏறிவிடுவாய். அதனால் அவரிடம் வாதாடாமல், என்ன செய்யப் போகிறாய், எவ்வளவு கொடுக்கப் போகிறாய், எந்த நேரத்தில் என்று முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள். பேசிவிட்டால் அவரே வெங்காயம் உரித்துக் கொடுப்பார்.

நான் யாருக்கும் சொல்வது இதுதான்: எது போய்விட்டால் அந்தப் பலகாரம் அந்தப் பலகாரமாக இருக்காதோ அதில் கை வைக்காதே, மற்றதை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்று. வெள்ளைப் பணியாரம் வெள்ளையாக இருக்க வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், எண்ணெயில் சுட்டதாக இருக்க வேண்டும். எண்ணெய் ஆகாது என்று அதே மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிக் கொடுத்தால் அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தி விடுவார்கள், ஏனென்றால் அது வேறு பலகாரம். அதைவிட உண்மையான பணியாரத்தில் ஒன்றோ இரண்டோ, சுடச்சுட, ஓரத்து முறுகலைப் பிய்த்துவிட்டு நடுப்பகுதியைக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கண்ணளவு என்று அவர்கள் சொல்வதிலும் கணக்கு உண்டு. ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இனி வைத்தால் சரிந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்துவார்கள், நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் அளவு. இரண்டையும் சேர்த்தே கழுவி இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நைசாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போட்டு, கொஞ்சம் பால் ஊற்றி, இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுப்பதத்தில் கரைத்துக்கொள். புளிக்க விடக்கூடாது, அரைத்த கையோடு சுட வேண்டும். குழிந்த சட்டியில் கடலை எண்ணெய் காய்ந்ததும் தீயை மிதமாக்கி, ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடு, கிண்டாதே, நகர்த்தாதே. அடிக்குப் போன மாவு தானே எழும்பி மேலே வரும், ஓரத்தில் சின்னச் சின்ன மடிப்பு விழும். அப்போது மேலே எண்ணெயை அள்ளி ஊற்றி, திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் ஜல்லிக்கரண்டியில் அரித்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது அல்லது மாவு நீர்த்துவிட்டது, கட்டியாக வந்தால் உளுந்து போதவில்லை. முதல் பணியாரத்தை அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டு. பிய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பாலை ஊத்தித்தா" என்பார்கள், நீ கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அளவு அந்தச் சொல்லில் வந்துவிடும். பக்கத்திலேயே நோட்டு வைத்து எழுதிக்கொள், போனில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது.

காரச் சட்னிக்கு வரமிளகாயின் விதையை உதறிவிட்டு வெந்நீரில் ஊற வைத்து அரை. நிறமும் மணமும் அப்படியே இருக்கும், காரம் மட்டும் இறங்கும். சின்ன வெங்காயம், பூண்டு, புளி எதையும் குறைக்காதே. நல்லெண்ணெயில் தாளி.

கோழிக்குழம்பில் விட்டுக் கொடுக்கக் கூடாதது மசாலாவைப் புதிதாக வறுத்து அரைப்பது. மிளகு, சோம்பு, சீரகம், மல்லி, ஒரு துண்டு கல்பாசி, கொஞ்சம் தேங்காய் எல்லாம் வறுபட்டு அரைபடும் வாசனை உள்வீட்டு வளவைத் தாண்டி வாசல் முகப்புக்கு வர வேண்டும், பெரியவர்களுக்குப் பசி எடுப்பதே அந்த வாசனையில்தான். மிளகாயைப் பாதியாக்கிவிடலாம், பாக்கெட் மசாலாவுக்குப் போகாதே. நாட்டுக்கோழி பல்செட்டுக்கு லேசில் மசியாது, அதனால் குக்கரில் நன்றாக வேக வைத்து, எலும்பை எல்லாம் நீயே எடுத்துவிட்டு, கறியை நார் நாராகப் பிய்த்துக் குழம்பிலேயே போட்டு, இடியாப்பத்தில் ஊற்றி ஊறவிட்டுக் கொடு. சின்ன எலும்பு ஒன்றுகூட விடுபடக்கூடாது, விரலால் தடவிப் பார்த்து எடு. அதுவும் முடியாது போலிருந்தால் கோலா உருண்டைக் குழம்பு வை. கொத்துக்கறி உருண்டை குழம்பில் ஊறினால் பல்லே வேண்டாம், ஈறாலேயே மென்றுவிடலாம்.

கவுணி அரிசியை முதல் நாள் ராத்திரியே கழுவி ஊறப் போடு, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேக வை, அந்தக் கருஞ்சிவப்பு அதில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்து, விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து நிதானமாக விடு. கரண்டியால் மசித்தால் மசிய வேண்டும், அதற்கு அப்புறம்தான் சீனி. வேகுமுன் சீனி விழுந்தால் அரிசி விறைத்துப் போகும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் இளகாது. தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் எல்லாம் வழக்கம்போல. ஒன்று கவனி, இது ஒட்டுகிற அரிசி, ஆற ஆற இறுகும். ஜப்பானில் புத்தாண்டுக்கு மோச்சி என்று ஓர் ஒட்டரிசிப் பலகாரம் செய்வார்கள், அது தொண்டையில் அடைத்து வருஷா வருஷம் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், உயிரே போனவர்களும் உண்டு. நம் கவுணி அந்த அளவுக்கு இறுகாதுதான், இருந்தாலும் காய்ச்சிய பாலை ஊற்றித் தளர்த்தி, வெதுவெதுப்பாக, சின்ன ஸ்பூனில் கொடு.

சுகருக்கு வருவோம். கருப்பட்டி போட்டால் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதே, சீனி போலவே அதுவும் ஏற்றும். கவுணி நல்ல அரிசிதான், ஆனாலும் அரிசி அரிசிதான். ஒரு சின்னக் கிண்ணம் கவுணி கொடுக்கிற மதியத்தில் இலையில் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள், காயும் கறியும் குறைய வேண்டாம். இனிப்புக்கு இடம் விட வேண்டும் என்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் போடக்கூடாது, சுகர் ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடும், அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்புதான் முதலில் போகும். மூன்றையும் ஒரே நாளில் செய்யவும் வேண்டாம். ஒரு நாள் இடைப்பலகாரத்துக்குப் பணியாரம், இன்னொரு நாள் மதியம் கோழி, வேறொரு நாள் கவுணி என்று பிரித்துக்கொண்டால் அப்பத்தாவுக்கும் நாளைக்கு என்ன என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கும்.

கேள்வி: என் மாமியாருக்கு எதை வைத்தாலும் உப்பில்லை, உறைப்பில்லை. முன்பு நான் வைக்கிற வெண்டைக்காய் மண்டியை அவ்வளவு பாராட்டுவார்கள், இப்போது அதே மண்டியைச் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேண்டுமென்றே சொல்கிறார்களோ என்று மனசு கஷ்டமாக இருக்கிறது.
தேவகோட்டை மருமகள்

பதில்: வேண்டுமென்று சொல்லவில்லை அம்மா, அவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. வயதாக ஆக மூக்கு மங்கும், ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கு செய்கிற வேலை. போதாததற்குச் சில மாத்திரைகள் நாக்கில் கசப்பைக் கொண்டுவரும், சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும், உமிழ்நீர் இல்லாத வாயில் எந்த மண்டியும் சப்பென்றுதான் இருக்கும். மாத்திரை மாற்றிய பிறகு இது வந்ததா என்று யோசித்துப் பாருங்கள், அப்படியானால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை இருந்தால் தருவார்.

உப்பைக் கூட்டாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, அது முழுநாளுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன். அதில் பெரும்பகுதியை அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் இவையே தின்றுவிடுகின்றன. அவற்றை நிறுத்தினால் மண்டியில் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். மண்டிக்கு உயிரே அரிசி கழுவிய தண்ணீரும் புளியும்தான், புளியை ஒரு சுளை கூட்டி வையுங்கள், புளிப்பு உப்பின் இடத்தைப் பாதி நிரப்பும். தாளிதத்தை முதலில் போடுவதோடு நிறுத்தாமல், இறக்கிய பிறகு நல்லெண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் பொரித்து, அவர்கள் முன்னால் வைத்துக் கொட்டுங்கள், அந்தச் சத்தத்தோடு வருகிற வாசனை மங்கிய மூக்குக்கும் எட்டும். சூடாகக் கொடுங்கள், ஆறினால் மணம் இல்லை. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கண்ணில் புரை இருந்தால் வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு சரியாகத் தெரியாது, தெரியாததை எப்படி ஆசையாகச் சாப்பிடுவது. வாழை இலையில் போட்டுப் பாருங்கள், பச்சையில் சோறு பளிச்சென்று தெரியும்.

கேள்வி: எங்கள் ஆயா ரசம் சாதம் சாப்பிடும்போது அடிக்கடி புரையேறி இருமுகிறார். ரசம் சாதம்தானே எளிது என்று அதையே கொடுக்கிறோம். அவருக்குப் பிடித்தது கும்மாயம், அதைக் கொடுக்கலாமா?
புதுவயல் வாசகர்

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் தம்பி, ஆனால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ரசம் சாதம்தான் கஷ்டம். ரசம் முதலில் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும், இரண்டு வேகத்தில் போகிற உணவைத் தொண்டையால் சமாளிக்க முடியாமல் ஒன்று மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அடிக்கடி புரையேறுவதைச் சாதாரணமாக விடக்கூடாது, உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலும், அடிக்கடி காய்ச்சல் வந்தாலும், உடனே போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் விழுங்குவதைச் சோதித்து, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்லித் தரும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் சரி என்று சொன்னால் கும்மாயம் நல்ல தேர்வு. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டி, நெய் என்று ஒரே பதமாக வழுக்கிக்கொண்டு போகும், பருப்பின் சத்தும் சேரும். கட்டி விழாமல் கரைத்து, வடிகட்டியே கிண்டுங்கள். மாவு பச்சை வாடை போய் நெய் ஓரத்தில் பிரியும் வரை கிண்ட வேண்டும், ஆனால் அல்வா அளவுக்கு இறுக விடாமல் ஸ்பூனில் இருந்து மெதுவாக நழுவும் பதத்தில் இறக்கிவிடுங்கள். சாய்ந்து படுத்தபடி ஊட்டக்கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் உள்ளே போனதைப் பார்த்து அடுத்த வாய், முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயாவுக்கு 90 வயது. ரங்கூனில் பிறந்தவர், 1942இல் சின்னப் பிள்ளையாக அவர்கள் ஆத்தாவின் கையைப் பிடித்து நடந்து வந்தவர். ரங்கூன் புட்டு கேட்கிறார், செய்து கொடுத்தால் "எங்க ஆத்தா வச்சது இப்படி இருக்காது" என்கிறார். மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டோம்.
கானாடுகாத்தான் வாசகி

பதில்: அவர் சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் உங்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். அந்த நடையை நடந்த பிள்ளை தன் ஆத்தா கைப்பக்குவத்தை நினைத்துக் கேட்கிறது. உங்கள் புட்டு ருசியாகவே இருந்தாலும் அது வேறு ருசிதான்.

ஆனாலும் கிட்டத்தட்டக் கொண்டுவர முடியும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெல்லமா, சீனியா? தேங்காயைப் பச்சையாகப் போட்டார்களா, வறுத்தா? பாசிப்பருப்பு இருந்ததா? ரவையைச் சிவக்க வறுத்தார்களா, வாசனை வந்ததோடு இறக்கினார்களா? சூடாகச் சாப்பிட்டாரா, ஆறியதையா? "பெரிய உருளியில் கிண்டுவாக" என்று ஏதோ ஒன்று தானாக வரும், அதில் இருந்து பிடித்துப் போங்கள். ஒரு மாற்றம் செய்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, அவர் முகத்தைப் பாருங்கள். உதிர் உதிராக இருந்தால் தொண்டையில் சிக்கும், நெய்யும் சுடுதண்ணீரும் தெளித்து ஈரமாகவே வையுங்கள். ஐயா சொல்கிற கதையை வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும், ரங்கூனைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது ஊருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் அப்பத்தா யாரையும் சமைக்க விடுவதில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, போன வாரம் முந்தானை ஓரம் கருகிவிட்டது. அடுப்படிக்கு வராதீர்கள் என்று சொன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.
பள்ளத்தூர் வாசகர்

பதில்: அடுப்பிடம் விடாதீர்கள், அடுப்படியை விட்டு வெளியே போகவும் சொல்லாதீர்கள். அடுப்பில் இருந்து தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, பூண்டு உரிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது, உளுந்தைத் தடவிக் கல் பார்ப்பது என்று கை பழகிய வேலையைக் கொடுங்கள், இதற்கெல்லாம் கண் தேவையில்லை, விரலே போதும். உப்புப் பார்க்கிற வேலை அவர்களுடையது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ஊதிக் கொடுத்து, "போதுமா அப்பத்தா" என்று கேளுங்கள், அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். தனியாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் போங்கள். இரண்டு கண்ணிலும் புரை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள், வயதாகிவிட்டது என்று விடுகிற வியாதி இல்லை அது.

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவுக்கு சதாபிஷேகம், 600 பேருக்குச் சமையல். மெனு முழுக்க அவருக்குப் பிடித்ததாகப் போட்டிருக்கிறோம், ஆனால் அவர் அதில் எதைச் சாப்பிடுவார் என்று இப்போதுதான் யோசனை வருகிறது.
காரைக்குடி மகன்

பதில்: நல்ல நேரத்தில் யோசித்தீர்கள். விழாவன்று பந்தி முதல் இலை போடவே ஒரு மணி ஆகும், வருகிறவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கி முடியும்வரை அவரை எழுந்திருக்க விடமாட்டார்கள். அதனால் அவருடைய சாப்பாட்டை மெனுவில் இருந்து பிரித்துவிடுங்கள். சமையல் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லி, அவருக்கு மட்டும் குழைந்த சோறு, பருப்பு, ஒரு காய், அவர் அதிகம் விரும்புகிற பலகாரத்தில் ஒன்றே ஒன்று என்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள், தாளிப்பதற்கு முன்பே எடுத்தால் காரமும் எண்ணெயும் குறைவாக இருக்கும், அம்மாவே ஒரு கரண்டி நெய்யில் தாளித்துக்கொள்ளலாம். மாத்திரை நேரம் பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்கு யார் வந்திருந்தாலும் உள் அறைக்கு அழைத்துப் போங்கள், அதற்கென்று ஒரு பேரனைப் பொறுப்பாகப் போடுங்கள். காலையில் யாகத்தில் புகையிலும் அபிஷேகத் தண்ணீரிலும் வெகு நேரம் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிடலாமா என்று குருக்களிடம் கேட்டுவிடுங்கள், 80 வயதுக்காரருக்கு வேண்டாம் என்று எந்தக் குருக்களும் சொல்ல மாட்டார். அபிஷேகம் முடிந்ததும் ஈர வேட்டியை உடனே மாற்றி, ஒரு டம்ளர் சூடான பால் கொடுங்கள்.